காளான்மேல் போட்ட பழி

என் கோபக்கார அக்கா, வாயாடி அக்கா, கன்னியம்மாக்காவுக்கு,

உன் காளான் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. "விஷயத்துக்கு வாடி, அப்புறமா மூக்கு சிந்தலாம்" என்பாய். விஷயம் இதுதான். ஊர் கூடி முடிவெடுத்து, போன வாரம் கீற்றைப் பிரித்துக் கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். நீ செத்தது காளானாலாம். நம் கொல்லை மண் கெட்டதும் காளானாலாம்.

எனக்கு வயிறு எரிகிறது அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இதை நாலு பேர் படிக்கிற இடத்துக்குத்தான் அனுப்பப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே நான் திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அது அவர்களுக்காக.

நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நீ மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் ஒத்துப்போன கதை எங்காவது உண்டா? நமக்கும் உப்புக்கும் புளிக்கும் சண்டைதான். மூத்தவரை, உன் வீட்டுக்காரரை, பாம்பு கடித்துக் கொண்டுபோன பிறகு உனக்கு மிஞ்சியது மகள் மல்லிகா, மாதனூர் ரோட்டோரம் கொஞ்சம் நிலம், அப்புறம் அந்த வாய். என் வீட்டுக்காரர், அதுதான் உன் கொழுந்தன், ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அமைப்பாளராக இருந்தேன். நாங்கள் சம்பளக்காரர்கள் என்று உனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அது எனக்குத் தெரியும், நான் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

வேலூரில் பெண்களுக்குக் காளான் வளர்ப்பு சொல்லித்தருகிறார்கள் என்று ரேடியோவில் கேட்டாய். அடுத்த வாரமே கிளம்பிவிட்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்ததை நீ நடித்துக் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மடியில் துணி சுற்றிய பாட்டில்களைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, சரக்கு கடத்துறியா?" என்றானாம். "ஆமா, உங்கப்பனுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன். காளான் வெதடா இது. சோளத்துல பூஞ்சை புடிக்க வெச்சது. ஒடஞ்சா நீதான் மொளைக்கணும்" என்றாயாம். பஸ்ஸே சிரித்ததாம்.

வைக்கோலை நறுக்கி ஊறவைத்தாய். அண்டாவில் வேகவைத்து, ஈரம் வடிய உலர்த்தினாய். பாலிதீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு விதை என்று போட்டுக் கட்டிக் குடிசையில் தொங்கவிட்டாய். ஊர் சும்மா இருக்குமா? "மாட்டு வாயிலேர்ந்து புடுங்கிக் காளானுக்குப் போடுறா பாரு" என்று தெருவே பேசியது. உனக்கு ரோஷம் வந்துவிட்டது. கரும்பு வெட்டின வயலில் கிடக்கிற சோகையை நம் பக்கம் எல்லோரும் கொளுத்துவார்கள். அந்தக் கரி பறந்து வந்து காயப்போட்ட துணியெல்லாம் ஒட்டும். நீ வயல் வயலாகப் போய், "கொளுத்தாத, எனக்குக் குடு" என்று கேட்டு வண்டியில் ஏற்றி வந்தாய். வைக்கோல் பாதி, சோகை பாதி. அதிலும் காளான் வந்தது. சிப்பி சிப்பியாக, வெள்ளையாக, கொத்துக் கொத்தாக.

காளான் எடுத்து ஓய்ந்த பையைப் பிரித்தால் உள்ளே மெத்தென்று இருக்கும். வைக்கோல் பங்கை மாடு தின்றது. சோகைப் பங்கு கொல்லையில் மட்கி எருவாயிற்று. அந்த வருஷம் கத்திரிச் செடி யானைக் காது மாதிரி இலை விட்டதே, மறந்துவிட்டாயா? பயிற்சி கொடுத்த அம்மா நேரில் வந்து பார்த்துவிட்டு, "எரியற சோகை குறைஞ்சுது, மண்ணுக்கு எரு சேர்ந்துது, மாட்டுக்கும் தீனி ஆச்சு. ஒண்ணுமே வீணாகல பாருங்க" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். அன்று முழுக்க உன் கால் தரையில் படவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஒண்ணுமே வீணாகல" என்று நீயே சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அந்த அம்மா கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அண்டாவுக்கு அடியில் என்ன எரிகிறது என்று அவர் குனிந்து பார்க்கவில்லை.

முதலில் பாலாற்று மணலில் முளைத்துக் கிடக்கிற வேலிகாத்தான் முள்மரத்தைத்தான் வெட்டி வந்தாய். முள் குத்தும், தூரம் வேறு. அப்போதுதான் கம்பெனி வண்டி வர ஆரம்பித்தது. இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு நம் பக்கத்துப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலத்தில், சாறு இறங்கிய சக்கைப் பட்டையைத் தொட்டியிலிருந்து வாரி வெளியே கொட்டுவார்கள். நம் பெண்கள் அதை அள்ளி வந்து காயவைத்து அடுப்பெரிப்பார்கள். சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவுவார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள். மரப்பட்டைதானே, எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

பிறகு பட்டை போய் ரசாயனம் வந்தது. தோல் நீல நிறத்தில் வெளியே வந்தது. சக்கைப் பட்டை நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக வெட்டி மிஞ்சின தோல் துண்டுகளைக் கம்பெனி வண்டி ஊருக்குள்ளேயே கொண்டுவந்து கொட்டியது. இனாம்! யார் விடுவார்கள்? பட்டை எரிந்த அடுப்பில் தோல் துண்டு எரிந்தது. பட்டைச் சாம்பல் தூவின பாத்தியில் தோல் சாம்பல் விழுந்தது. தோல் பதனிடுகிற டேனரியிலிருந்து வருவது எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தோம். ஒருவர்கூட யோசிக்கவில்லை.

மற்ற வீடுகளில் சோறு வேகிற நேரம்தான் அது எரிந்தது. உன் அண்டாவுக்கோ பகல் முழுக்க எரிந்தது. நன்றாக நின்று எரியும், சூடும் ஜாஸ்தி. உனக்கு அதில் பெருமை வேறு. அவர்கள் தூக்கிப்போட்ட தோலில் ஊர் தூக்கிப்போட்ட சோகையை வேகவைத்துக் காசு பண்ணுகிறேன் என்பாய். எனக்கு அந்தப் புகை பட்டாலே தொண்டை அடைக்கும்.

"அக்கா, நாத்தம் தாங்கல. வெறகு போட்டு எரியேன்" என்றேன் ஒரு நாள்.

"நாத்தம் பார்த்தா ஆம்பூர்ல எவன்டி மூச்சு வுடறது? உன் வூட்டுக்காரன் சம்பளமும் அதே நாத்தம்தான். வாங்கறப்ப மூக்கைப் பொத்திக்கினா வாங்குற?"

உன்னோடு பேசி ஜெயித்தவர் யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு தடவையும் முதல் பறிப்பில் ஒரு தாம்பாளம் நிறையக் காளானை மூடி, கொழுந்தன் கையில் கொடுத்து, வண்டி அனுப்புகிற சூப்பர்வைசருக்கு அனுப்புவாய். "தர்மம் பண்றாரு, நாம மட்டும் சும்மா இருக்கலாமா?" என்பாய். நம் வாசலில் குப்பையைக் கொட்டினவனுக்கு நாம் விருந்து வைத்தோம் அக்கா. அவன் பெண்டாட்டி அதைக் கொத்தமல்லி போட்டு வறுத்து, ருசியாக இருந்தது என்று சொல்லி அனுப்பினாள்.

அப்புறம் உனக்கு இருமல் வந்தது. அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்த்த கை வெடித்தது. நீ இரண்டையும் சட்டை செய்யவில்லை. மாடிப்படி ஏறின மாதிரி மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் வேலூருக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "காளான் வளக்கிறேன்" என்றாய். முற்றின காளானிலிருந்து மாவு மாதிரி ஒரு தூசி பறக்கும், அது நெஞ்சில் இறங்கும், மூக்கில் துணி கட்டாமல் உள்ளே போகாதே என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னதும் உண்மைதான். அந்தத் தூசியை நானும் பார்த்திருக்கிறேன். அதுவும் உன்னை வதைத்திருக்கும், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுப்பில் என்ன எரிக்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நீ 'விறகு' என்றுதான் சொல்லியிருப்பாய். நம் ஊரில் அதுவும் விறகுதானே.

துணி கட்டினாய். குடிசைக்குள் கட்டினாய், அடுப்பண்டை அவிழ்த்துவிட்டாய். புகையில் துணி வேறா, பேஜார் என்றாய். அடுத்த ஐப்பசி மழையில் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் சொன்ன 'காளான் தூசி' ஊருக்குள் வந்து 'காளான் விஷம்' ஆயிற்று. அதே நேரத்தில் நம் கொல்லையில், நீ சாம்பலைக் கொட்டின பக்கம், ஒரு புல்கூட முளைக்கவில்லை. எருவும் அந்தப் பக்கம்தான் இருந்தது. போதாதா? காளான் கழிவு மண்ணைத் தின்றுவிட்டது, மழை பெய்தால் பக்கத்து வயலுக்கும் இறங்கும் என்று கிளப்பிவிட்டார்கள். மல்லிகா உன் குடிசையை விடவில்லை. கம்பெனிக்குத் தைக்க வா என்று பெண்கள் கூப்பிட்டதற்கு, "எங்கம்மா வேலை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். உன் மகள் அல்லவா. அந்தப் பிடிவாதம் ஊருக்கு ஆகவில்லை.

மாரியம்மன் கோயில் எதிரில் கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன் அக்கா.

"காளான் எரு மட்டும் போட்ட எடத்துல கடலை நல்லாத்தான் வந்திருக்குது. வந்து பாருங்க. சாம்பல் கொட்டின எடம்தான் செத்துக் கெடக்குது. அது காளான் சாம்பல் இல்ல, தோல் சாம்பல்" என்றேன்.

பின்னாலிருந்து நம் எதிர்வீட்டு நூர்ஜான்தான் எழுந்தாள். உன் வெற்றிலைத் தோஸ்த், நினைவிருக்கிறதா? "எங்க வூட்ல காளானும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாம்பல் கொட்டினதுல எங்க முருங்கை மரம் நின்னபடியே காஞ்சுபோச்சு. அதுக்கு எந்தக் காளான் வந்துச்சு?" என்று கேட்டாள்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாக, ஏதோ என் நன்மைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "தெரியும்மா. எனக்கும் கண்ணு இருக்குது. ஆனா கம்பெனி மேல வாயை வுட்டா நாளைக்கு பஸ் இங்க நிக்காது. எத்தன வூட்ல ஒல கொதிக்காதுன்னு பாரு. செத்தவளுக்கு இன்னா நஷ்டம்? அவ பேர்ல போவட்டும்."

கேட்டாயா அக்கா? தெரிந்தே சொன்னார். காலையில் ரோட்டில் வந்து நிற்கிற அந்தக் கம்பெனி பஸ்ஸுக்காக உன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது அந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். என் வீட்டிலிருந்தும்தான். உன் கொழுந்தன் கூட்டத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளே சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, "உன் ஒய்ஃப் ரொம்பப் பேசறாங்களாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டானாம். யார் போய்ச் சொன்னார்களோ, அவர்கள் நல்லா இருக்கட்டும்.

குடிசையைப் பிரித்த அன்று நீ இருந்திருக்க வேண்டும். உன் வாய்க்கு அன்றுதான் வேலை. பைகளில் காளான் பறிக்கிற பக்குவத்தில் பூத்து நின்றது. மல்லிகா ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விஷம், விஷம் என்று கத்தினவர்களே கொத்துக் கொத்தாகப் பிய்த்து முந்தானையில் கட்டிக்கொண்டு போனார்கள். "விஷம்னு சொன்னீங்களே?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "வேகவெச்சா போய்டும்" என்றாள். வேகவைத்தாள், அதே தோல் துண்டு அடுப்பில். அன்று நம் தெருவில் எல்லா வீட்டிலும் காளான் மணத்தது. நான் சோறு தின்னவில்லை.

நீ செத்ததற்குக்கூட நான் இப்படி அழவில்லை அக்கா. அன்று துக்கம் இருந்தது. இது ஆத்திரம். யார் மேல் காட்டுவது? பெரியவர் மேலா? பாட்டிலில் விதை கொடுத்த அம்மா மேலா? இனாம் என்றதும் ஓடிப்போய் முன்னால் நின்ற உன் மேலேயா? சில நாள் உன் மேலும்தான் வருகிறது. சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் திரும்பி வந்தால் தெருமுனையிலேயே அந்த நாற்றம். நம் வீட்டுப் பின்கட்டிலிருந்து வருகிறது. போய்ப் பார்த்தால் மாட்டுக்கொட்டகையில் கயிறு கட்டியாயிற்று, நாலு பை தொங்குகிறது. மல்லிகா அண்டாவை ஏற்றி வைத்து அடுப்பண்டை குனிந்து ஊதிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் கறுப்புத் தோல், பழுப்புத் தோல், நீலத் தோல் எல்லாம் சுருண்டு சுருண்டு எரிகிறது. ஊதிவிட்டு நிமிர்ந்தாள். இருமினாள். உன் இருமல் அக்கா. மார்பில் கையை வைத்து, தலையை இடது பக்கம் சாய்த்து, நீ இருமுவாயே, அப்படியே.

பக்கத்தில் வைக்கோல் ஊறிய தண்ணீர் தொட்டியில் இருந்தது. குடத்தில் மொண்டு அடுப்பில் ஊற்றினேன்.

"இன்னா சித்தி பண்றே? பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். "அம்மா செஞ்ச மாதிரிதானே செய்யறேன்!"

"உங்கம்மா செஞ்சதுல எல்லாத்தையும் செய்யி. இத மட்டும் செய்யாத."

"வெறகுக்கு எங்க போறது? நீ வாங்கித் தர்றியா?" அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "சித்தி, எங்கம்மா நெசமாவே எதுல செத்துச்சு? கூட்டத்துல எல்லாரும் ஒண்ணொண்ணு சொன்னாங்க. யாரும் என்கிட்ட சொல்லல."

உட்காரவைத்துச் சொன்னேன். தூசியைச் சொன்னேன், புகையைச் சொன்னேன், சாம்பலைச் சொன்னேன். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். பெரியவர் என்னிடம் சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. சாக்கில் மிச்சமிருந்த தோல் துண்டை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சாக்கு யார் கொண்டுவந்து போட்டது என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் கம்பெனிக்குப் போகிறவர் ஒருவர்தான்.

அவர் வந்ததும் நானும் சண்டை போடவில்லை. "மல்லிகா இருமறா" என்று மட்டும் சொன்னேன். சாப்பிடாமல் கை கழுவிவிட்டார். இன்று அவருக்கு வார லீவு. விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். ஒரு கட்டு வேலிகாத்தான் கொண்டுவந்து போட்டுவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து குதிகாலில் ஏறின முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேலை போகுமோ என்னவோ. நாளைக்கு இதை அச்சில் பார்த்தால் நிச்சயம் கேட்பார்கள். கேட்கட்டும்.

உன் குடிசையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. உன் பெயரையும் முடியவில்லை, ஊர் அதைக் காலில் போட்டு மிதித்துவிட்டது. நம் தெருவில் இன்றைக்கும் வண்டி வந்தது, இன்றைக்கும் சாக்கோடு போய் நின்றார்கள். நான் ஒவ்வொரு வாசலிலும் போய்ச் சொல்லத்தான் போகிறேன். அவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். உன் மகள் காளான் வளர்ப்பாள். அவள் அண்டாவுக்கு விறகை நான் சுமப்பேன், காலில் முள் குத்தினாலும் சுமப்பேன். பஸ் நின்றாலும் சரி, நிற்காமல் போனாலும் சரி, அந்தப் பெண்ணின் மூச்சை எவனுக்கும் நான் இனாமாகக் கொடுக்க மாட்டேன்.

சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கும்,
உன் ஓரகத்தி,
மல்லிகாவுக்குச் சித்தி,
சுலோச்சனா